எண்ணூறு வெள்ளி

எஞ்சினைத் திறந்து காட்ட வந்தான் யோகேஸ்வரன்.
அது கிடக்கட்டும், பின்னால் திற என்றேன்.
மோட்டாரில் கட்டிக்கொண்டு வந்த இட்டலிச் சட்டியை
அவிழ்த்து, தூக்கி, உள்ளே வைத்துப் பார்த்தேன்.
போனது. மூடியோடு போனது.
சாம்பார் வாளியும் போக
ஒரு சாண் இடம் மிச்சம்.
அந்த ஒரு சாணுக்குத்தான்
எண்ணூறு வெள்ளி கொடுத்தேன்.

நூறு நூறாக எட்டுத் தாள் இல்லை.
பத்தும் ஐந்தும், இடையில் ஒற்றை வெள்ளிகளும்.
எண்ணுகிறவன் மூக்கருகே கொண்டுபோய்
"வெங்காய வாசனை அடிக்குது அக்கா" என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
லோன் கிடைக்காவிட்டால்
முழுசாகத் திரும்பிவிடும் என்று வாயால் சொன்னான்.
திரும்பாது என்று ரசீது சொன்னது,
மலாயில்,
சர்க்கரையைக் கண்ட எறும்பு மாதிரி
அடியோரம் ஊர்ந்த எழுத்தில்.

பேங்கு சம்பளச் சீட்டு கேட்டது.
பதினோரு வருஷம் இந்தப் பீடோங்கில்
விடியுமுன் ஆலைக்குப் போகிறவர்களுக்கெல்லாம்
வயிறு நிரப்பி அனுப்பியிருக்கிறேன்.
சீட்டு ஒருவரும் தந்ததில்லை.

தவுக்கே பினாங்கு போயிருக்கிறார்.
தவுக்கே வந்துவிட்டார், கணக்குப் பார்க்கிற பெண் லீவு.
பெருநாள் முடியட்டும்.
பிறகு போனில் வெறும் மணி,
பிறகு அதுவும் இல்லை.
கைப்பையில் ரசீதின் எழுத்து
நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தது.
பயந்துபோய் நகல் எடுத்தேன், இருபது காசு.
அதையும் கணக்கில் எழுதி வைத்தேன்.

திங்கட்கிழமை ஆறரைக்கு
கார்க்கடை வாசலுக்கு நேரே குடை விரித்தேன்.
வேலிக்கு வெளியே, ரோட்டோரம்.
லைசன்ஸ் மோட்டார் சீட்டுக்கு அடியில்.
திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை.
ஏன் அக்கா இங்கே வந்துட்டீங்க என்று
கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னேன்:
"என் காசு உள்ளே இருக்கு.
பக்கத்துல இருக்கலாம்னு வந்தேன்.
சட்னி காரமா, சாதாவா?"

வெள்ளை சாகா பார்க்க வந்த புருசன் பெண்சாதி
நாலு நாலு இட்டலி சாப்பிட்டார்கள்.
கை கழுவினார்கள்.
உள்ளே போகவில்லை.
குலை ஏற்றின லோரிக்காரர்கள் நிறுத்தி இறங்கினார்கள்.
தவுக்கே கோர் கூட ஒருநாள் வந்து
இரண்டு வடை வாங்கி
சில்லறை வேண்டாம் என்று போனார்.
அந்த எண்பது காசைத்
தகர டப்பாவில் தனியாகப் போட்டேன்.

ஒன்பதாம் நாள், வெயில் ஏறின பிறகு
யோகேஸ்வரன் கவரோடு வந்தான்.
எழுநூற்றைம்பது.
ஐம்பது ஃபைல் செலவாம்.
நான் கடன் நோட்டைப் பிரித்தேன்.
இரண்டாம் நாளிலிருந்து அவன் சாப்பிட்டது,
வண்டி கழுவுகிற பையன்களுக்கு வாங்கிக் கொடுத்தது,
ஐம்பத்து மூன்று நாற்பது.
"உன் ஃபைலும் இங்கதான் இருக்கு, தம்பி."

அவன் பர்ஸைத் திறந்தான்.
அதற்குள் இருந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது.
"பாதிக் காசை என் கமிஷன்லதான் கழிச்சாரு அக்கா"
என்றான், நோட்டைப் பார்த்தபடி.
கவரை எண்ணினேன். நூறு நூறாகத்தான்,
ஒரே ஓர் ஐம்பது. எதிலும் வாசனை இல்லை.
பழைய கடனை அடித்தேன்.
மூன்று இட்டலி கட்டிக் கொடுத்தேன்.
புதுப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் ஆறரைக்கு அதே இடத்தில் குடை.
வேலிக்குள்ளே அந்த விவா
மழை ஈரத்தோடு நின்றது,
விலை எழுதின அட்டை கொஞ்சம் சாய்ந்து.
யோகேஸ்வரன் கேட்டைத் திறக்க வந்தவன் நின்றான்.
"காசுதான் வந்துடுச்சே அக்கா,
இன்னும் எதுக்கு இங்க?"

ஒரு லோரி ஹாரன் அடித்து ஒதுங்கியது.
ஆறு இட்டலி, கட்டுச் சாம்பார்.
பின்னாலேயே இரண்டு மோட்டார்.
அவனுக்குப் பதில் சொல்ல
எனக்கு எங்கே நேரம்?